கொட்டை எழுத்தும் சிற்றெழுத்தும்

பேச்சுக்குக் குரல் எப்படியோ அப்படியே அச்சுக்கு எழுத்தின் வடிவம். ஒரே சொல்லைக் காதோடு காதாகவும் சொல்லலாம். திடலின் மறுகோடிக்குக் கேட்கும்படி கூவியும் சொல்லலாம். பாடநூலின் நடுவே சிறிய எழுத்தில் நிற்கும் 'வருக' என்னும் சொல் நம்மோடு அமைதியாகப் பேசுகிறது. பள்ளி வாயிலின் மேல் முழ உயரத்தில் எழுதப்பட்ட 'வருக' நம்மைக் கைதட்டி அழைக்கிறது. சொல் ஒன்றுதான், குரல் வேறு.

இவ்வாறு கூவி அழைக்கும் எழுத்தைத் தமிழில் 'கொட்டை எழுத்து' என்கிறோம். உரோமன் எழுத்து அச்சில் இதற்குத் தனியொரு குடும்பமே உண்டு. தடித்த உடல், ஒடுங்கிய இடை, தலையிலும் அடியிலும் 'செரிஃப்' எனப்படும் கனத்த குறுக்குக் கட்டைகள், சிலவற்றில் கொடியும் பூவுமாக அலங்கார வேலைப்பாடு. நம் மாணவர்கள் மலாய் மொழியையும் ஆங்கிலத்தையும் உரோமன் எழுத்தில் பயில்கின்றனர். ஆகவே இவ்வெழுத்து அவர்களுக்குப் புதியதன்று. பழைய சர்க்கஸ் சுவரொட்டியின் படத்திலும், குதிரை வீரர் திரைப்படங்களில் கள்வனைத் தேடும் அறிவிப்பிலும், இன்றைய உணவுக்கடைப் பெயர்ப்பலகையிலும் அதனைக் கண்டிருப்பார்கள்.

இவ்வெழுத்தைப் பற்றி ஒரு பள்ளி மலரில் பேசுவானேன் எனச் சிலர் வினவலாம். காரணம் உண்டு. எழுத்தைக் கூட்டிப் படிப்பது எழுத்தறிவின் முதற்படி. எந்த எழுத்து நம்மை அழைக்கிறது, எந்த எழுத்து நமக்கு அறிவிக்கிறது எனப் பிரித்தறிவது அதன் அடுத்த படி. அந்த இரண்டாம் படியை நம் பிள்ளைகள் ஏறாவிட்டால், பெரிதாக எழுதப்பட்டதெல்லாம் பெரிய உண்மை என நம்பும் பேதைமை அவர்களை விட்டு நீங்காது. கொட்டை எழுத்து அழைப்பதற்கே உரியது. செய்தியைச் சொல்லும் பொறுப்பு சிற்றெழுத்தினுடையது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

பிறந்த கதை

ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய 15ஆம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள், அச்செழுத்து பெரும்பாலும் நூலுக்காகவே வார்க்கப்பட்டது. நூலை ஒருவர் கையில் வைத்து, அமர்ந்து, பொறுமையாகப் படிப்பார். அவருக்கு உரத்த குரல் வேண்டியதில்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நிலைமை மாறிற்று. ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, விற்க வேண்டிய பொருள்கள் குவிந்தன. நாடகக் கொட்டகை, குதிரைப் பந்தயம், ஏலம், கப்பற் பயணம் ஆகிய யாவும் தெருவில் நடந்து செல்வோரின் கண்ணைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடப்பவன் நிற்கமாட்டான், அவனை எழுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இலண்டன் ஃபேன் தெருவில் எழுத்து வார்ப்படச்சாலை நடத்திய இராபர்ட் தோர்ன் என்பவர், 1803ஆம் ஆண்டளவில் வெளிவந்த மிகப் பருத்த எழுத்துகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறார். நூலெழுத்தின் தண்டுகளை அவர் பன்மடங்கு தடிக்கச் செய்தார். 1810களில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்பவர், செரிஃபையும் தண்டளவு தடித்த செவ்வகக் கட்டையாக்கி வெளியிட்டார். 1821இல் வந்த மற்றொரு வகையில் தண்டு மெலிந்து, கட்டை பருத்தது. தலைகீழாக்கிய அந்த விந்தை வடிவமே பிற்காலச் சர்க்கஸ் எழுத்துக்கு மூதாதை.

எல்லாரும் இவற்றை வரவேற்றனர் எனக் கூற முடியாது. இலண்டன் அச்சகத்தார் தாமஸ் கர்சன் ஹான்சார்டு, 1825இல் வெளியிட்ட 'டைப்போகிராபியா' என்னும் நூலில் இப்பருத்த எழுத்துகளைக் கடுமையாகச் சாடினார். நூலழகில் தோய்ந்த அவருக்கு இவை அச்சுக்கலைக்கு நேர்ந்த இழுக்காகத் தோன்றின. ஆயினும் தெரு அவர் சொல்லைக் கேட்கவில்லை. படித்தவர் கூடத்துக்காகப் பிறந்த எழுத்தன்று இது. தெருவில் நடக்கும் எளியோருக்காகப் பிறந்த எழுத்து. அந்த வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டென்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மரத்தில் செதுக்கிய எழுத்து

சாண் உயர எழுத்தை ஈயத்தில் வார்ப்பது எளிதன்று. அது மிகக் கனக்கும், விலையும் ஏறும், உருகிய உலோகம் ஆறும்போது எழுத்தின் முகம் சமமாக அமையாது. இச்சிக்கலை மரம் தீர்த்தது. 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ், சுழலும் உளி கொண்ட பொறியால் மர எழுத்துகளைக் குடைந்தெடுக்கும் முறையைக் கண்டார்; மறு ஆண்டே மர எழுத்து விலைப்பட்டியலையும் வெளியிட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த், ஒரே மாதிரியிலிருந்து பெரிதும் சிறிதுமாக எழுத்தைப் பெயர்க்கும் கருவியை அப்பொறியோடு இணைத்தார். அன்று முதல் சுவரொட்டி எழுத்துகள் மலிவாகவும் விரைவாகவும் பெருகின.

இதற்கு மேப்பிள் எனும் கடின மரம் பயன்பட்டது. மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்காமல், குறுக்கே வெட்டிய முகத்தில் எழுத்தைச் செதுக்கினர். அம்முகம் அச்சுப்பொறியின் அழுத்தத்தை எளிதில் தாங்கும். மரத்தொழிலை அறிந்த நம் பெற்றோருக்கு இதன் நுட்பம் சொல்லாமலே விளங்கும். எழுத்துக்கட்டையின் உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எல்லாக் கட்டைகளும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரத்தில் இருந்தால்தான் மை சமமாகப் படியும்.

எழுத்து ஏன் ஒடுங்கியது? தாளின் அகலம் மாறாது. சொல்லின் நீளமோ மாறும். நீண்ட பெயரை உயரமான எழுத்தில் ஒரே வரியில் அடக்க வேண்டுமானால், ஒவ்வோர் எழுத்தும் தோளைச் சுருக்கி நிற்க வேண்டும். சிறிய சொல்லாயின் அகன்ற எழுத்து அவ்வரியை நிரப்பும். ஆகவே அச்சுக்கோப்பாளர் ஒரே எழுத்தை அகன்றது, ஒடுங்கியது, மிக ஒடுங்கியது எனப் பல வகையில் வைத்திருந்தார். பழைய சுவரொட்டியில் வரிக்கு வரி எழுத்து மாறுவது வெறும் ஆடம்பரத்தால் வந்ததன்று. இடத்தோடு அவர் நடத்திய போராட்டத்தின் தடயம் அது.

ஒரு சுவரொட்டியும் ஓர் அகராதியும்

இவ்வெழுத்து தன் வேலையை அறிந்து நடந்ததற்கு இரு சான்றுகள் தருவேன்.

1843 பிப்ரவரி 14ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பேப்லோ ஃபேன்க் என்பவரின் சர்க்கஸ் ஒரு சிறப்புக் காட்சி நடத்தியது. கறுப்பினத்தவரான அவர், தம் திறமையால் அந்நாட்டில் சர்க்கஸ் உரிமையாளராக உயர்ந்தவர். அக்காட்சியின் வருவாய் கைட் முதலிய கலைஞர்களுக்கு உரியது. அதற்கென அச்சிட்ட சுவரொட்டியில் சர்க்கஸின் பெயரும் கலைஞர் பெயரும் கொட்டை எழுத்தில் நிற்கின்றன. குதிரை என்ன செய்யும், யார் எதைத் தாண்டுவார் என்னும் விவரங்கள் சிறிய எழுத்தில் அடங்குகின்றன. 1967இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் ஒரு பழம்பொருள் கடையில் அச்சுவரொட்டியை வாங்கி, அதிலிருந்த சொற்களைக் கொண்டே ஒரு பாடலை இயற்றினார். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தும் யார், எங்கே, என்று, என்ன என்பதை அத்தாள் தெளிவாகச் சொன்னது. கொட்டை எழுத்து கூப்பிட்டது. சிற்றெழுத்து விவரம் சொன்னது.

இரண்டாவது சான்று 1845இல் தோன்றியது. தோர்ன் 1820இல் மறைந்தபின் ஃபேன் தெரு வார்ப்படச்சாலை வில்லியம் தோரோகுட் என்பவரின் கைக்கு வந்தது. பின்னர் இராபர்ட் பெஸ்லி அதில் பங்காளியானார். அவர்கள் வெளியிட்ட 'கிளாரண்டன்' என்னும் எழுத்து தடித்தது, சற்று ஒடுங்கியது, அதன் கட்டைகள் தண்டோடு வளைந்து இணைவன. அச்சுகளை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். மெல்லிய எழுத்துகளின் நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுவதற்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. அகராதியைத் திறந்து பாருங்கள்: தலைச்சொல் தடித்து நிற்கும், பொருள் மெலிந்த எழுத்தில் தொடரும். அவ்வழக்கம் பரவியதில் கிளாரண்டனுக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் வடிவத்துக்குச் சட்டம் அளித்த மூன்றாண்டுப் பாதுகாப்பு முடிந்ததும், பிற வார்ப்படச்சாலைகள் போட்டியிட்டுக்கொண்டு அதனைப் பின்பற்றின. எழுத்துத் தொழிலில் உயர்ந்த பெஸ்லி 1869இல் இலண்டன் மாநகர மேயரானார்.

அகராதிப் பக்கம் முழுவதையும் தடித்த எழுத்தில் அச்சிட்டால் என்ன ஆகும்? எந்தச் சொல்லும் எடுப்பாகத் தோன்றாது. திடலில் ஒருவர் கூவினால் கேட்கும். நூறு பேர் ஒருங்கே கூவினால் இரைச்சல்தான் மிஞ்சும். கொட்டை எழுத்தின் வலிமை அதைச் சூழ்ந்து நிற்கும் சிற்றெழுத்தின் அடக்கத்தில் இருக்கிறது.

கொட்டை எழுத்து சொல்லாமல் விட்டது

இவ்வெழுத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருத்த எழுத்தை மிகுதியாகப் பயன்படுத்தியோருள் ஆங்கில அரசாங்கக் குலுக்குச் சீட்டு விற்றோரும் அடங்குவர். பரிசுத் தொகை கொட்டை எழுத்தில் பளிச்சிடும். மேலே கூறிய தோரோகுட், அக்குலுக்கில் விழுந்த பரிசுப் பணத்தைக் கொண்டே வார்ப்படச்சாலையை வாங்கினார் என்பர். அவருக்கு விழுந்தது, பரிசு விழாமற்போன எண்ணற்றோரின் கதையை எந்தச் சுவரொட்டியும் கொட்டை எழுத்தில் அச்சிடவில்லை. 1826இல் அக்குலுக்கு நிறுத்தப்பட்டது.

குலுக்கு நின்றது, அந்தக் குரல் நிற்கவில்லை. இன்று நம் வீதி விளக்குக் கம்பங்களில் ஒட்டப்படும் தாள்களைப் பாருங்கள். 'உடனடிக் கடன்' என்பது விரல் தடிமனில் இருக்கும். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன நேரும் என்பவை சிற்றெழுத்திலும் இருப்பதில்லை. கைப்பேசிக்கு வரும் வேலை விளம்பரங்களிலும் சம்பளத் தொகை மட்டும் பெரிதாக மின்னும். முதலாளி யார், பணியிடம் எது என்னும் விவரம் மறைந்திருக்கும். வெளிநாட்டில் நல்ல வேலை என நம்பிச் சென்ற மலேசியர் பலர் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை 2022ஆம் ஆண்டில் நாளேடுகள் தொடர்ந்து எழுதின. அழைக்கும் எழுத்தை மட்டும் படித்து, அறிவிக்கும் எழுத்தைத் தேடாமல் விட்டால் வரும் கேடு இத்தகையது. இதனால்தான் எழுத்தின் வடிவத்தைப் பற்றிய பேச்சு நம் வீட்டு அடுப்பங்கரை வரை வந்து நிற்கிறது.

ஆதலால் மாணவர்களே, எந்த விளம்பரத்தைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார்? இதனால் நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு? சிற்றெழுத்தில் என்ன இருக்கிறது? மூன்றாம் வினாவுக்கு விடை கிடைக்கவில்லையெனில், அந்தத் தாளைக் கீழே வைத்துவிடலாம். பாட்டியோ தாத்தாவோ மலாய் மொழியில் உள்ள ஒரு பத்திரத்தில் கையெழுத்திட நேர்ந்தால், அதன் சிறிய எழுத்துகளை அவர்களுக்குப் படித்துக் காட்டிப் பொருள் கூறுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவன் தன் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய தொண்டுகளுள் இதைவிடச் சிறந்தது அரிது.

நாம் செய்ய வேண்டியது

பிறரைக் குறை கூறுமுன் நம் அறிவிப்புகளையும் சற்று நோக்குவோம். மர எழுத்தின் காலம் மறைந்தபின்னும் அதன் வடிவங்கள் மறையவில்லை. 1938இல் இராபர்ட் ஹார்லிங் பழைய சர்க்கஸ் எழுத்தைத் தழுவி 'பிளேபில்' என்னும் எழுத்தை வரைந்தார். ஷெஃபீல்டு நகர வார்ப்படச்சாலையொன்று அதனை வெளியிட்டது. 1990இல் அடோபி நிறுவனம் அமெரிக்க மர எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அன்று அச்சுக்கோப்பாளரின் பெட்டியில் இருந்தவை இன்று நம் ஒவ்வொருவர் விரல்நுனியிலும் உள்ளன. எளிதில் கிடைப்பதால் எல்லா இடத்திலும் இறைக்கிறோம். கூட்ட அறிவிப்பு, விளையாட்டுப் போட்டி நிரல், முதலாம் ஆண்டுப் பதிவு விவரம் ஆகிய யாவும் தலை முதல் கால் வரை அலங்கார எழுத்தில் வருகின்றன.

தமிழெழுத்துக்கு இதனால் வரும் இடர் இன்னும் பெரிது. ஒடுங்கிய எழுத்தை வரையும் கலைஞர் அதனைப் பக்கவாட்டில் வெறுமனே நசுக்குவதில்லை. உள்ளிடைவெளியைக் காத்து, வளைவை நிமிர்த்தி, தண்டின் கனத்தைச் சரிசெய்து, ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைகிறார். கணினியில் எழுத்தைப் பிடித்து நெருக்கினாலோ நிற்கும் கோடுகள் மெலியும். கிடக்கும் கோடுகள் பருத்தபடி நிற்கும். தமிழில் சுழிகள் பல. தடித்து நெருங்கியபோது சுழிக்குள் இடைவெளி அடைபடும். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றுபோல் தோன்றும். 'பணி' என்பது வேலை; 'பனி' என்பது குளிர்ந்த துளி. 'மணம்' வேறு, 'மனம்' வேறு. மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் கரைந்துபோகும். நம் முன்னோர் நுட்பமாக வேறுபடுத்தி வைத்ததை ஓர் அவசர அலங்காரம் அழித்துவிடலாமா?

எண்களின் நிலையும் அவ்வாறே. மிகத் தடித்து நெருங்கிய எழுத்தில் 3, 6, 8 ஆகியன ஒன்றையொன்று ஒத்திருக்கும். காலையில் பால்மரம் சீவியோ செம்பனைக் குலை அறுத்தோ களைத்து வந்த தந்தை, மாலை மங்கலில் பதிவு நாளை 3 எனப் படிப்பதா 8 எனப் படிப்பதா? ஒரு பிள்ளையின் பதிவு தவறுமாயின், அந்த அலங்காரத்தின் விலை மிக அதிகம்.

வயது முதிர்ந்தோருக்குப் பெரிய எழுத்துத்தானே வசதி எனக் கேட்கலாம். பெரிய எழுத்து வேண்டியதே. ஆனால் பெரிது என்பது வேறு, பருத்தது என்பது வேறு. உள்ளே வெளிச்சம் புகுமாறு இடைவெளி விட்டு எழுதிய பெரிய எழுத்து கண்ணுக்கு இதம். இடைவெளி அடைபட்ட பருத்த எழுத்து எவ்வளவு பெரிதாயினும் கண்ணை உறுத்தும்.

அங்ஙனமாயின் அலங்கார எழுத்தை அறவே விலக்குவதா? வேண்டா. ஹான்சார்டின் சீற்றத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. திருவிழாவுக்கு நாகசுரம் வேண்டும். ஆனால் பாடம் நடக்கும் வகுப்பறையில் அதனை வாசிப்பதில்லை. கலைவிழாத் தட்டி, விளையாட்டு விழா வளைவு, மலரின் முகப்பு ஆகியவற்றில் அது கம்பீரமாக ஒலிக்கட்டும். அறிவிப்புத் தாளில் தலைப்பு ஒரு வரி கொட்டை எழுத்தில் அமையட்டும். நாள், கிழமை, நேரம், இடம் ஆகியவை தெளிந்த எழுத்தில் தனித்தனி வரியாக வரட்டும். தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதினால், எண் மங்கினாலும் கிழமை காக்கும். ஓவிய வகுப்பில் மாணவர்கள் தம் பெயரை ஒருமுறை அகன்ற எழுத்திலும் ஒருமுறை ஒடுங்கிய எழுத்திலும் ஒரே அகலக் கட்டத்துக்குள் வரைந்து பார்க்கட்டும். பழைய அச்சுக்கோப்பாளரின் பாட்டை அப்போது அவர்களே உணர்வர்.

அவ்வாறு வரைந்த தாள்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பத்தடி தொலைவில் நின்று படிக்கச் சொல்லலாம். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதைப் பிள்ளைகளே தீர்ப்புக் கூறுவர். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கான அறிவிப்பை அவர்களுள் தேர்ந்த கையெழுத்து உடைய இருவரிடம் ஒப்படைப்போம். கூட்டத்துக்கு வருவோர் தொகையைக் கொண்டு அவர்கள் எழுத்துக்கு மதிப்பெண் போடலாம்.